க.நா.சு.வை கவிஞர்னு சொல்லலாமா? மயன் கவிதைகள் படிச்சவங்க யாராவது சொல்லுங்க

அரிசிலாறு:

எல்லாருக்கும் வணக்கம். நான் எம்.ஏ. தமிழ் ரெண்டாவது வருஷம், கும்பகோணம் பக்கம். ப்ராஜெக்ட்டுக்கு கவிதையும் எழுதி விமர்சனமும் எழுதின ஒருத்தரை எடுத்துக்கணும்னு சொன்னாங்க, நான் க.நா.சு.ன்னு எழுதிக் கொடுத்தேன். அவர் பொறந்த வலங்கைமான் எங்க வீட்லேர்ந்து பஸ் ஏறினா அரை மணி நேரம், அதுவும் ஒரு காரணம். ஆனா கைடு பாத்துட்டு, விமர்சகர் சரி, நாவல் எழுதினார் சரி, மொழிபெயர்ப்பு சரி, கவிஞர்னு எப்படிம்மா போடறது, வேற ஆளைப் பாருன்னு பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

எனக்கு மனசு கேக்கல. மயன்ங்கிற பேர்ல அவர் எழுதின கவிதைகளை ஒரு சீனியர் அக்கா ஜெராக்ஸ் போட்டு வெச்சிருந்தாங்க, வாங்கி ரெண்டு ராத்திரி உக்காந்து படிச்சேன். அதுல ஒண்ணு, எனக்கும் கவிதை பிடிக்காதுன்னுதான் ஆரம்பிக்குது. மனுஷன் இதுவரைக்கும் உளறினதுலயே சிறந்த உளறல் கவிதைங்கற மாதிரி போகுது. ஸ்கூல்லேர்ந்து எத்தனையோ செய்யுள் மனப்பாடம் பண்ணியிருக்கேன், எதுவும் இப்படி எதிர்ல உக்காந்து பேசற மாதிரி இருந்ததில்ல. மூடி வெச்சுட்டு மறுபடி எடுத்து அதே பக்கத்தைப் படிச்சேன்.

இது கவிதை இல்லன்னு என்னால ஒத்துக்க முடியல, ஆனா இது கவிதைதான்னு கைடு முன்னாடி நின்னு சொல்ல வார்த்தையும் வரல. படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அவர் விமர்சனம்னாலே பட்டியல்னு சொல்றாங்களே, அதுக்கும் இந்தக் கவிதைகளுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா, இல்ல ரெண்டும் ரெண்டு தனி ஆளா?

குடமுருட்டி:

அம்மாடி, நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கே, விடாதே. நான் ரிடையர் ஆன பள்ளிக்கூட வாத்தியார், அந்தப் பக்கத்து மனுஷன்தான். வாழ்க்கையை முதல்ல வரிசையா தெரிஞ்சுக்கோ, கைடுகிட்ட பேசறப்ப அது கையில இருக்கணும்.

கந்தாடை நாராயணசாமி சுப்ரமண்யம், அதான் க.நா.சு. பொறந்தது 1912 ஜனவரி 31. அப்பா தபால் இலாகாவுல வேலை பாத்தவர், பையன் இங்கிலீஷ்ல எழுதிப் பெரிய பேர் வாங்கணும்னு ஆசைப்பட்டவர், அதுக்காகவே படிக்க வெச்சவர். பையனும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு இங்கிலீஷ்லதான் எழுத ஆரம்பிச்சார். அப்புறம் மணிக்கொடி பத்திரிகைக்காரங்க எழுதினதையெல்லாம் படிச்சுட்டு தமிழுக்கு வந்தார். இதை நீ சாதாரணமா கடந்து போயிடாதே. அந்தக் காலத்துல இங்கிலீஷ் எழுத வர்ற ஒருத்தர் அதை விட்டுட்டு தமிழ்ல எழுதறேன்னு வந்தா வீட்ல என்ன பேச்சு பேசியிருப்பாங்கன்னு நெனச்சுப் பாரு.

1939ல சூறாவளின்னு பத்திரிகை ஆரம்பிக்கிறார், வயசு 27. அதுலயே மயன்ங்கிற பேர்ல கவிதையும் எழுதறார். ஆக கவிதை அவர் வயசான காலத்துல பொழுதுபோக்கா எழுதினது இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே கூட வந்தது, உன் கைடுக்கு இதைச் சொல்லு முதல்ல. அப்புறம் 1945ல சந்திரோதயம், அதுல சி.சு. செல்லப்பா கூட இருந்தார். 1946ல பொய்த்தேவு நாவல். 1959ல சரஸ்வதி ஆண்டு மலர்ல புதுக்கவிதைன்னு ஒரு கட்டுரை, நாம இன்னைக்கு சர்வசாதாரணமா சொல்ற அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்ததே அந்தக் கட்டுரைதான். அதுக்கு முன்னாடி வசன கவிதைம்பாங்க, இல்லாட்டி கிண்டலா என்னென்னவோ சொல்வாங்க. 1963ல இலக்கிய வட்டம்ங்கிற பத்திரிகை நடத்தினார், ரெண்டு வருஷம் மாதிரி. 1965ல டெல்லி போயிட்டார், அங்கே இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு எழுதிப் பொழப்பு, இருபது வருஷம். 1985ல மெட்ராஸ் திரும்பி வந்தார், 1986ல சாகித்ய அகாதமி கொடுத்தாங்க, இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்ங்கிற விமர்சனப் புத்தகத்துக்கு. 1988 டிசம்பர் 18ல டெல்லியில காலமானார்.

மாசச் சம்பளம்னு ஒண்ணை நம்பி உக்காந்த மனுஷன் இல்லம்மா. எழுத்துதான் சோறு. பத்திரிகை நடத்தினா கைக்காசு போகும்னு தெரிஞ்சும் மூணு தடவை நடத்தினார்.

கவிதையைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன். மயன்கிறது யாரு, பாண்டவர்களுக்கு மாயசபை கட்டிக் கொடுத்தானே அந்த அசுரத் தச்சன். அந்தப் பேரை வெச்சுக்கிட்டு இவர் கட்டின வீட்ல ஒரு ஜோடனை கிடையாது, தூண்ல பூ வேலை கிடையாது, வெறும் திண்ணை. வா உக்காரு பேசலாம்ங்கற மாதிரி. அது வேணும்னே பண்ணினதுன்னு நான் நம்பறேன்.

வத்தலக்குண்டு வாசகன்:

தங்கச்சி, நான் கொஞ்சம் மாத்திச் சொல்லுறேன், கோவிச்சுக்கிறாதீங்க. நான் செல்லப்பா ஊர்க்காரன், அதனால சாய்வு இருக்கும்னு வச்சுக்கங்க, ஆனா மனசுல பட்டதைத்தான் சொல்லுறேன்.

விமர்சனம்னா என்னன்னு ரெண்டு பேருக்கும் அடிப்படையிலயே ஒத்துப்போகல. க.நா.சு. சொல்லுறது, நிறையப் படிச்சவன் ரசனையில தேறினவன் இது நல்லது இது நல்லதில்லன்னு சொன்னாப் போதும், நல்ல வாசகன் போய்ப் படிச்சுக்குவான்ங்கிறது. செல்லப்பா சொல்லுறது, அப்படிச் சொன்னா யாருய்யா நம்புவான், கதையைப் பிரி, வரியை எடு, ஏன் நல்லாயிருக்குன்னு காட்டு. அலசல் விமர்சனம்னு அதுக்குத்தான் பேரு. 1959 ஜனவரியில எழுத்து பத்திரிகையை ஆரம்பிச்சு 1970 வரைக்கும் அந்த மனுஷன் இழுத்துக்கிட்டுப் போனாரே, புத்தகத்தைத் தோள்ல சுமந்துக்கிட்டு காலேஜ் காலேஜா ஏறி இறங்கினாரே, அந்தப் பிடிவாதம்தான் புதுக்கவிதைக்கு நிக்க ஒரு இடம் கொடுத்துச்சு. பேரு வச்சது க.நா.சு.ன்னா வளத்தது செல்லப்பா.

க.நா.சு. பட்டியலைப் பாத்தீங்கன்னா பேரு பேரா வரும், புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ரா., பிச்சமூர்த்தி, லா.ச.ரா., ஜானகிராமன்னு. ஏன்னு கேட்டா ரெண்டு வரி மூணு வரிதான் இருக்கும். அதுல தன் பேரையும் சேத்துக்கிடுவாருன்னு அப்பவே குறை சொன்னாங்க. இடதுசாரி விமர்சகர்கள் வேற பக்கத்துலருந்து அடிச்சாங்க, இலங்கையில கைலாசபதி மாதிரி ஆளுங்க, சமூகத்தைப் பாக்காம வெறும் ரசனையைப் பேசினா அது யாரோட ரசனைன்னு கேட்டாங்க. கேக்க வேண்டிய கேள்விதானே அது.

கவிதையும் அதே மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. பிச்சமூர்த்தி கவிதையில ஒரு காட்சி இருக்கும், அது உள்ள போய் என்னமோ பண்ணும். மயன் கவிதையில கருத்து இருக்கு, பேச்சு இருக்கு, படிச்சா புரியுது, ஆனா கண்ணை மூடினா எதுவும் தெரியமாட்டேங்குது. உங்க கைடு சொன்னதுல பாதி நியாயம் இருக்குன்னுதான் நான் நெனைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ரெண்டு பேரும் பொறந்தது அதே 1912. க.நா.சு. போனது 1988 டிசம்பர் 18, செல்லப்பா போனது 1998 டிசம்பர் 18. பத்து வருசம் தள்ளி அதே நாளு. இதை முதல்முதல்ல கவனிச்ச அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு, எத்தனை சண்டை போட்டாலும் ஒரே வேலையைத்தான் ரெண்டு பேரும் பாத்திருக்காங்க.

அரிசிலாறு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, திண்ணைன்னு சொன்னீங்களே, அது எனக்கு அப்படியே பிடிச்சுக்கிச்சு. வத்தலக்குண்டு அண்ணா, நீங்க சொன்னதுக்காக நேத்து ராத்திரி மறுபடி எடுத்து உக்காந்தேன், கண்ணை மூடினா என்ன தெரியுதுன்னு பாக்க. ஒரு சிலதுல நீங்க சொல்றது சரி, வெறும் கருத்தா நிக்குது. மறைக்க மாட்டேன். ஆனா எல்லாத்துலயும் அப்படி இல்லண்ணா.

அந்த 1959 கட்டுரையில அவர் சொல்ற ஒரு விஷயம் என்னன்னா, புதுசா எழுத வர்றவன் வெளிநாட்டைப் பாத்தா மட்டும் போதாது, நம்ம சங்கப் பாட்டுல இருக்கிற எளிமை, நேராச் சொல்ற குணம், அதைப் பிடிக்கணும்ங்கிறது. நடுவுல வந்த யாப்பும் ஓசையும் கவிதையை மூடிப்போட்டுடுச்சுன்னு அவருக்கு வருத்தம். நான் இதைப் படிச்சதும் குறுந்தொகையை எடுத்தேன், செமஸ்டருக்குப் படிச்சதுதான். கபிலர் பாட்டு ஒண்ணு இருக்கே, அவன் என்னைக் கூடினப்ப சாட்சிக்கு யாருமே இல்ல, அவனேதான் இருந்தான், இப்போ அவன் பொய் சொன்னா நான் என்ன செய்வேன், தினைத்தாள் மாதிரி சின்னக் காலோட ஓடற தண்ணியில ஆரல் மீனைப் பாத்துக்கிட்டு ஒரு குருகு, அதான் கொக்கு, அது மட்டும் நின்னுச்சுன்னு. அஞ்சே அடி. ஒரு பொண்ணு தோழிகிட்ட சொல்ற பேச்சு, அவ்வளவுதான். ஆனா அந்தக் குருகு போகவே மாட்டேங்குது மனசை விட்டு.

அப்போ எனக்குத் தோணினது, மயன் அந்தப் பேச்சைப் பிடிச்சுட்டார், குருகைத்தான் எப்பவும் பிடிக்க முடியல. பேச்சை முதல்ல மீட்டுக் கொண்டு வரணும்னு ஒருத்தர் 1939லேர்ந்து உக்காந்து எழுதியிருக்கார். அப்புறம் வந்தவங்களுக்குக் குருகு கிடைச்சுது. இப்படி எழுதினா ப்ராஜெக்ட்ல நிக்குமா? நான் சரியாத்தான் யோசிக்கிறேனா?

பழையாற்றங்கரை:

மக்களே, நல்லா யோசிச்சிருக்க. நான் நாகர்கோவில், பத்து முப்பது வருசம் திருவனந்தபுரத்துல வேலை. எங்க பக்கத்துக் கதை ஒண்ணு சொல்லுகேன், இது உனக்கு உதவும்.

நீல பத்மநாபனோட தலைமுறைகள் நாவல் வந்தப்ப அதுல உள்ள எங்க வட்டாரப் பேச்சைப் பாத்து இது என்ன தமிழ்னு முகம் சுளிச்ச ஆளுங்க உண்டு. க.நா.சு. அதைப் படிச்சுட்டு இது பெரிய நாவல்னு எழுதினது மட்டும் இல்ல, அவரே உக்காந்து இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தார், 1972ல புத்தகமா வந்துது. பாத்துக்க, ஒரு எழுத்தாளர் தன் வேலையை ஓரமா வச்சுட்டு தன்னைவிட இருபத்தாறு வயசு இளைய ஒருத்தரோட தடிச்ச நாவலை வரி வரியா வேற பாஷையில எழுதணும்னா அதுக்கு எத்தன மாசம் போகும். கவிஞர் சண்முகசுப்பையாவையும் அப்படித்தான் இலக்கிய வட்டத்துல போட்டு வெளிய கொண்டு வந்தார். சண்முகசுப்பையா கவிதையும் பேச்சுதான், வீடு, குழந்தை, ஆபீஸ், பணக்கஷ்டம், அவ்வளவும் வீட்டுக்குள்ள நடக்குத காரியம். மயன் என்ன தேடினாரோ அது இன்னொருத்தர்கிட்ட நல்லா வந்திருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, உடனே வழி விட்டுட்டார். இது கவிஞனுக்கு மட்டும்தான் தெரியும்னு நான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, கேரளத்துல குமாரன் ஆசான் பேர்ல உள்ள பரிசு அவருக்குக் கெடச்சுது, கவிதைக்குத்தான். மலையாளத்துக்காரன் கவிஞர்னு ஒத்துக்கிட்டவரை நாம கவிஞரான்னு கேட்டுக்கிட்டு இருக்கோம். இதை உன் கைடுகிட்ட மரியாதையாச் சொல்லு.

சிலப்பதிகாரத்தையும் அவர் இங்கிலீஷ்ல கொண்டு போயிருக்கார். தமிழுக்குள்ள வர்ற சாமானும் அவர் தலைமேல, தமிழ்லருந்து வெளிய போற சாமானும் அவர் தலைமேலன்னு வாழ்ந்திருக்கார்.

திருப்பூர் தறிக்காரன்:

நான் பெருசா படிச்சவன் இல்லீங்க, பத்தாவதோட நின்னுட்டேன், பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். இந்தப் பட்டியல் பட்டியல்னு இளக்காரமா பேசறது இத்தனை வருசமா என் காதுல விழுந்துக்கிட்டே இருக்குதுங்க, அதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லணும்னு தோணுது.

எனக்கு 19 வயசு இருக்கும், நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில கிளை நூலகத்துல போய் உக்காந்திருப்பேன், ரூம்ல எட்டுப் பேர் தூங்கறதுக்கு அது தேவலைன்னு. அங்க ஒரு நாள் க.நா.சு. எழுதின பழைய புத்தகம் ஒண்ணு அட்டை இல்லாம கிடந்துச்சு, படித்திருக்கிறீர்களான்னு பேரு. புத்தகத்தோட பேரே நம்மளைப் பாத்து ஒரு கேள்வி. ஒவ்வொரு கட்டுரையும் ஒரு புத்தகத்தைப் பத்தி, நாலஞ்சு பக்கம், கஷ்டமான வார்த்தை ஒண்ணு கூட இல்ல. கட்டிங் டேபிள்ல அளவு எழுதற நோட்டு பாக்கெட்ல இருந்துச்சு, அதோட கடைசிப் பக்கத்துல புத்தகம் பேரெல்லாம் எழுதிக்கிட்டேன். ஒவ்வொண்ணா தேடிப் படிச்சு படிச்சு பேருக்கு நேரா ஒரு டிக் போடுவேன். முடிக்க ஏழு வருசம் ஆச்சுங்க, சில புத்தகம் கோயமுத்தூர் போயும் கிடைக்கல.

அவரு மொழிபெயர்த்த நிலவளம் அப்படித்தான் கிடைச்சுது, நார்வேக்காரர் நட் ஹாம்சன் எழுதினது. ஆளே இல்லாத காட்டுல ஒருத்தன் நடந்து வந்து மண்ணைத் தொட்டுப் பாத்து இங்கயே இருந்துக்கலாம்னு குடிசை போடறான், அப்புறம் ஒரு பொம்பளை வர்றா, மாடு வருது, ஆடு வருது. எங்க அப்பாரு கரட்டு நிலத்துல கல்லு பொறுக்கினதை நான் பாத்திருக்கேன், நார்வேயில நடக்கற கதையைப் படிச்சுப்போட்டு நூலகத்துல உக்காந்து அழுதேன். செல்மா லாகர்லெவோட மதகுருவும் அவரு கைதான், ஆர்வெலோட விலங்குப் பண்ணையும் அவரு கைதான். அலசி எழுதின கட்டுரையை 19 வயசுல என் கையில கொடுத்திருந்தா நான் தள்ளி வெச்சுட்டுப் போயிருப்பேன். அலசறது தப்புன்னு சொல்லலைங்க வத்தலக்குண்டு அண்ணா, அது உள்ள வந்தவனுக்கு. என்னை மாதிரி வாசல்ல நிக்கறவனுக்கு எந்தப் பக்கம் போகோணும்னு ஒருத்தர் கை காட்டினா அது போதுங்க.

அப்புறம், பட்டியல் போட்டா அது இலக்கியம் ஆகாதுன்னா குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூவை வரிசையா சொல்லியிருக்காரே, அதை என்ன செய்யறதுங்க? ஒவ்வொரு பூவையும் அவரு நின்னு விளக்கல, பேரைச் சொல்லிக்கிட்டே போறாரு. எல்லாத்தையும் ஒருக்கா பாத்தவன், தொட்டவன்தான் அப்படிச் சொல்ல முடியும். அந்தப் பொண்ணு அரிசிலாறு கேட்டுச்சே, பட்டியலுக்கும் கவிதைக்கும் தொடர்பு இருக்கான்னு, எனக்குத் தெரிஞ்சது இதுதானுங்க.

வத்தலக்குண்டு வாசகன்:

திருப்பூர் தம்பி, படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல எனக்கு. அலசல்தான் சரின்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன், ஆனா பட்டியலைப் பத்தி இனிமே இளக்காரமா ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

தங்கச்சி, பேச்சைப் பிடிச்சுட்டார், குருகைப் பிடிக்க முடியலன்னு எழுதினீங்கள்ல, அதுதான் உங்க ப்ராஜெக்ட். அதை விட்டுறாதீங்க. நான் சொன்ன குறையையும் ஒரு அத்தியாயமா உள்ள வையுங்க, மறைச்சு எழுதாதீங்க, அவரே ஒளிவுமறைவு இல்லாம தீர்ப்புச் சொன்ன ஆளு. முதல் அஞ்சு தமிழ் நாவல்களைப் பத்தி எழுதினாரே, பிரதாப முதலியார் சரித்திரத்துலருந்து ஆரம்பிச்சு, அதுல எது கலை எது வெறும் கதைன்னு எவ்வளவு தயங்காம சொல்லுறாருன்னு பாருங்க, அந்தக் குரலையும் மயன் குரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க, ரெண்டும் ஒரே ஆளுன்னு படிக்கிறவங்களுக்கே தெரியும்.

பழைய இதழ்களுக்கு சென்னை தரமணியில ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க. போறப்ப பென்சிலும் வெள்ளைத்தாளும் எடுத்துக்கிட்டுப் போங்க, கையால எழுதி எடுத்தாத்தான் மனசுல நிக்கும்.

அரிசிலாறு:

இன்னைக்குக் காலையில கைடைப் பாத்தேன். 1939லேர்ந்து கவிதை எழுதினார்ங்கிறது, புதுக்கவிதைக் கட்டுரை, குமாரன் ஆசான் பரிசு, எல்லாம் சொன்னேன். கவிஞர் இல்லைன்னு சொன்னவங்க கடைசியில கேட்டது, அந்த ஜெராக்ஸை ஒரு ரெண்டு நாள் கொடுத்துட்டுப் போறியாம்மான்னு. கொடுத்துட்டேன். முடிவு வெள்ளிக்கிழமை சொல்றேன்னாங்க.

திருப்பூர் அண்ணா, உங்க நோட்டோட கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுவீங்களா? உங்களுக்குக் கிடைக்காமப் போன புத்தகம் எதெல்லாம்னு எனக்குத் தெரியணும். எங்க காலேஜ் லைப்ரரியில பழைய அலமாரி ஒண்ணு பூட்டியே கெடக்கு, சாவி வாங்கித் தேடிப் பாக்கறேன்.